நோய் புரட்டாசியில் வந்தது, நான் தையில் வந்தேன்

பிரியமுள்ள அத்தைக்கு, இன்றைக்குப் பிரியத்தைவிடக் கோபம் கூடுதலாக இருக்கிற உங்கள் பாண்டியம்மாள் எழுதுவது.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. நாகல் நகர் வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் எழுத முடியவில்லை. குழாயில் தண்ணீர் வருவது அபூர்வமாகிவிட்டது, லாரி வரும் அன்று தெருவே குடத்தோடு நிற்கிறது. உங்கள் சேலைகளையெல்லாம் உங்கள் மகள் சரசு எடுத்துப் போய்விட்டாள். சின்னாளப்பட்டியில் நீங்கள் எடுத்த அந்தப் பச்சைச் சுங்குடியை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் உங்கள் பேத்தி, என் மகள் செல்வி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். "எங்கம்மா கல்யாணம் முடிச்சு வந்தாங்கள்ல, வந்ததும் எங்க தாத்தா செத்துப் போயிட்டாங்க" என்கிறாள். யார் உனக்குச் சொன்னது என்று கேட்டேன். அப்பத்தாதான் சொன்னாங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஆறு வயசுப் பிள்ளை. தாத்தாவின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. அவளுக்குமா சொன்னீர்கள்?

அந்தக் கதையை நீங்கள் சொல்கிற விதம் எனக்கு மனப்பாடம். "தையில இவ வந்தா. பங்குனியில அவரு விழுந்தாரு. ஆடியில போயிட்டாரு." மூன்றே வரி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பீர்கள். கேட்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எட்டு வருஷமாக நம் வீட்டில் இதுதான் நடந்தது.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா அத்தை? அந்த மூன்று வரியிலும் ஒரு பொய் கிடையாது. நான் தையில்தான் வந்தேன். மாமா பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் ரத்தம் கக்கி விழுந்தார். ஆடியில் போனார். எல்லாம் நிஜம். நீங்கள் செய்ததெல்லாம் கதையின் ஆரம்பத்தை வெட்டி எறிந்தது மட்டும்தான்.

அந்த ஆரம்பத்தை நான் இன்றைக்கு எழுதப் போகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. மறந்துவிட்டதாக நீங்கள் முடிவு செய்துவிட்டதால் எழுதுகிறேன்.

மாமா புகையிலைக் குடோனில் எடை போடுகிறவர். அங்கே வேலை பார்க்கிற எல்லாரும் இருமுவார்கள், நெடி அப்படி. அதனால் அவர் இருமலை யாரும் இருமலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் உங்கள் பிள்ளைக்கும் கல்யாணப் பேச்சே வராத நேரம் அது. அந்த வருஷம் புரட்டாசியில், ஆயுத பூசை அன்று, தராசுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தவர் இருமி, துண்டில் ரத்தத்தைப் பார்த்தார். துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பூசை முடிகிறவரைக்கும் நின்றார். வீட்டுக்கு வந்து உங்களிடம் மட்டும் காட்டினார். ஐப்பசியில் டி.பி. என்று சொல்லி ஊசி போட ஆரம்பித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பார். உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னால் என்னைக் கட்டிய மூத்த மகன் கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தார். சரசு புருஷன் வீட்டில். சின்னவர் முருகேசன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் தாடிக்கொம்புக்கு என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் காய்ச்சல், தலைவலி எதுவானாலும் அதே பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். அந்த வரிசையில் மாமாவை யாராவது பார்த்துவிட்டால்? டி.பி. வீடு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? ஊசியை நிறுத்தச் சொன்னீர்கள். கல்யாணம் முடியட்டும், மறுவீடு முடியட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நாலு மாசம் ஒரு ஊசி இல்லை. இருமல் மருந்தும் துளசிச் சாறும் கொடுத்து மாமாவை என் கல்யாணப் பந்தலில் நிற்க வைத்தீர்கள். கல்யாணப் போட்டோவில் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு அவர் எத்தனை தடவை பந்தலுக்குப் பின்னால் போய் வந்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பங்குனிக்குப் பிறகு அவரை ஊசிக்குக் கூட்டிப் போனது யார்? நான்தான். புதுத்தாலிக் கயிற்றின் மஞ்சள்கூடப் போகாத கழுத்தோடு குதிரை வண்டியில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போவேன். இரண்டாவது தடவை போனபோது ஊசி போடுகிற அம்மா மாமாவைப் பார்த்ததும், "ஏன்யா பெரியவரே, தீபாவளி கழிச்சு ஆளையே காணோம்? நடுவுல விட்டா உசுருக்கு ஆபத்துன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்று சத்தம் போட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, துண்டில் ரத்தம் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

"அவதான் வேணாம்னா, கல்யாணம் முடியட்டும்னா. நானும் சரின்னுட்டேன் தாயி. நீ இதப் பத்தி அவகிட்டக் கேட்டுறாத. தாங்க மாட்டா."

கேட்க மாட்டேன் என்று சொன்னேன். இருபது வயசில் ஒரு சாகப்போகிற மனுஷனிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

மாமாவின் கருமாதி அன்று உங்கள் ஓரகத்திதான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தது. புதுப்பொண்ணு காலடி வெச்ச நேரம் சரியில்லை என்றார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு கீழே பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. சரி, துக்கத்தில் இருக்கிறார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்.

முதல் வருஷம் யாராவது அப்படிச் சொன்னால் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அடுத்த வருஷம் 'ம்' கொட்டினீர்கள். திண்டுக்கல்லைத் தனி ஜில்லாவாகப் பிரித்த வருஷம் நீங்களே வாயெடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். மற்றவர்களைக்கூட நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நோய் தெரிந்தது பங்குனியில், என்னைத் தெரிந்தது தையில். தெரிந்த வரிசையை நடந்த வரிசை என்று நினைத்துவிட்டார்கள். மனுஷருக்கு அப்படித்தான் ஞாபகம் நிற்கும் போல. கல்யாணம் என்றால் பந்தல், மேளம், சாப்பாடு என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். துண்டில் விழுந்த ரத்தத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் நீங்கள் பார்த்தீர்கள்.

ஒரு தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. சரஸ்வதி பூசைக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தோம். "அத்தே, அந்த வருஷம் ஆயுத பூசையன்னிக்கு மாமாவுக்கு முடியாமப் போச்சுல்ல?" என்று மெல்லக் கேட்டேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை அன்றைக்கே பாதி மீறிவிட்டேன். உங்கள் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவே இல்லை.

"அந்த வருசமா? நல்லாத்தான இருந்தாரு. ரெண்டு தட்டுச் சுண்டல் வாங்கித் தின்னாரே. நீ வாரதுக்கு முந்தி அவருக்கு ஒரு தலவலி வந்தது கிடையாதேம்மா."

சொல்லிக்கொண்டே சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் ஞாபகத்தில் அந்த ஆயுத பூசை சுண்டலோடு முடிந்துபோயிருந்தது. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன் அத்தை. பொய் சொல்கிறவருக்கு உண்மை என்னவென்றாவது தெரியும். உங்களிடம் அது இல்லாமலே போய்விட்டது. அதன் பிறகு உலகத்தில் அந்த உண்மை என் ஒருத்தியிடம்தான் இருந்தது, நானோ வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஊசியை நிறுத்தச் சொன்னது நீங்கள் என்பதை உங்களால் சுமக்க முடியவில்லை, அதை என் தலையில் இறக்கி வைத்தீர்கள். இது எனக்குப் புரிகிறது. புரிகிறதனால் கோபம் குறைய வேண்டுமா?

நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு முதல் கரு கலைந்து படுத்திருந்தபோது நீங்கள் என் தலைக்கு எண்ணெய் வைத்து, கஞ்சி ஊட்டி, இருபது நாள் ஒரு வேலை செய்யவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். அது நான் வந்த புதிதில், நீங்கள் என்மேல் பழி போடுவதற்கு முன்னால் நடந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் உங்கள் பிள்ளையிடம் சொன்னபோது, "இல்லையே, அப்பாவோட தலைத்திவசம் முடிஞ்சப்புறம்தான" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. அந்த ஞாபகத்தில் எங்கேயும் மாமா இல்லை. அப்படியென்றால் ஊரார் என்னைப் பேசும்போது 'ம்' கொட்டிய அதே நாட்களில்தான் நீங்கள் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறீர்கள். நல்ல அத்தை முன்னால், கெட்ட அத்தை பின்னால் என்று நானும் எனக்குத் தோதாக அடுக்கி வைத்திருக்கிறேன். இதை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

வைகாசியில் உங்கள் காலில் கண்ணாடிச் சில்லு குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. ஆனியில் டாக்டர் விரலை எடுக்க வேண்டும் என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? முருகேசனுக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் கட்டோடு போய் நின்றால் நொண்டி மாமியார் என்பார்கள், பரிசம் முடியட்டும் என்றீர்கள். அதே பேச்சு. அதே 'முடியட்டும்'. போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்? ஆவணிக் கடைசியில் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கீரனூருக்குப் பஸ் ஏறினீர்கள். அவர்கள் கேட்டதற்கு முள் குத்திவிட்டது என்றீர்கள். பரிசம் போட்டீர்கள். ஐப்பசி பிறந்ததும் விஷம் ஏறிப் போய்விட்டீர்கள்.

உங்கள் கருமாதிக்குப் பெண்ணின் அப்பா கீரனூரிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுகிற சம்பந்தி முறைக்காக வேட்டியும் துண்டும் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்தது. பந்தலில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். சரசுதான் ஆரம்பித்தாள். பரிசம் போட்டு நாற்பது நாள் ஆகவில்லை, அம்மா போய்விட்டார்கள், இந்தப் பெண் வேண்டாம் என்றாள். மாமாவின் அண்ணன் பெரியமாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மூத்தவ வந்தா, தம்பி போனான். இளையவளுக்குப் பரிசம் போட்டோம், தம்பி பொண்டாட்டியும் போயாச்சு. இன்னும் வீட்டுல யாரக் குடுக்கணும்?" என்று கேட்டார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். கோபப்படத் தெரியாத மனுஷன். "ஏனுங்க, எம்புள்ள எங்கூட்டுல இருந்துட்டு என்னுங்க பண்ணுச்சு?" என்றார்.

நான் கழுவிக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஈரக் கையோடு பந்தலுக்கு வந்தேன். பெரியமாமா முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் பூங்கொடியை நினைத்தேன். இதை இப்படியே விட்டால், கல்யாணம் நின்றாலும் கீரனூரில் அவள் பெயர் மாமியாரை விழுங்கியவள். நடந்தாலும் நம் வீட்டில் அவள் பெயர் அதுதான். அவளும் எட்டு வருஷம் காப்பித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும்.

"பெரியமாமா, செத்த நேரம் நான் பேசிக்கிறேன். அப்புறம் என்னைய வெளிய போகச் சொன்னாலும் போயிருறேன்" என்றேன். "மாமாவுக்கு ரத்தம் வந்தது ஆயுத பூசைக்கு. ஊசி போட்டது ஐப்பசியில. கார்த்திகையில என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க ஆளுக கண்ணுல பட்டுருமுன்னு ஊசிய நிறுத்துனாக. அதுக்குப் பொறகுதான் நான் தையில வந்தேன். அத்தைக்குக் கால் புண்ணானது வைகாசியில. விரல எடுக்கச் சொன்னது ஆனியில. கீரனூருக்குப் போனது ஆவணியில. இதுல அந்தப் புள்ள எங்க வருது, நீங்களே சொல்லுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குப் பிள்ளைகள் பெயரை வாசிப்பேனே, அதுபோல வரிசையாகச் சொன்னேன்.

சரசு என்மேல் பாய்ந்தாள். செத்துப் போன அம்மா வந்து இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்கிற தைரியமா என்று கேட்டாள். உங்கள் மூத்த பிள்ளை, என் புருஷன், வாயே திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்குக் கல்யாணத்தன்றே உடம்பு கொதித்தது தனக்குத் தெரியும் என்று அன்று சாயங்காலம்தான் என்னிடம் சொன்னார். எட்டு வருஷம் கழித்து. அவரிடம் நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு வாய் திறந்தது முருகேசன்தான். "மதினி சொல்றது நெசம். அம்மா காலுக்குக் கட்டு மாத்திவிட்டது நாந்தேன். சொல்ல வேணாம்னு அம்மா சொல்லுச்சு" என்றார்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கவில்லை, முருகேசனைப் பார்த்தார். "அப்ப முள்ளுக் குத்துச்சுன்னு சொன்னது பொய்யிங்களா?" என்றார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். உருமால் கட்டவில்லை. பெண்ணைக் காப்பாற்றப் போய்க் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரியமாமாவும் அதையே சொன்னார். பத்து நாள் இந்த வீட்டில் யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அந்தப் பத்து நாளில் பாத்திரத்தின் மேல் தேய்த்துக் கழித்தேன், அப்படியும் தீரவில்லை.

பதினோராம் நாள் முருகேசன் யாரிடமும் சொல்லாமல் கீரனூருக்குப் போனார். மறைத்தது தப்பு என்று அவர்கள் வீட்டில் ஒப்புக்கொண்டாராம். உள்ளேயிருந்து பூங்கொடிதான் பேசியிருக்கிறாள். "அந்தக்கா இருக்கற ஊடுன்னா நான் வர்றேனுங்கப்பா. ஆனா அங்க யாருக்கு என்ன சீக்குன்னு எனக்கு முன்னாலயே சொல்லீரோணும்." முருகேசன் வந்து இதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. எனக்கு இருபது வயசில் இதைக் கேட்கத் தெரியவில்லையே என்று அழுதேன்.

நம் பக்கத்து வழக்கப்படி, சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும். தையில் கல்யாணம். சரசு வரமாட்டாளாம். பெரியமாமா வருவார், ஆனால் நான் ஆரத்தி எடுத்தால் பந்தலுக்குள் வரமாட்டாராம். நான் ஆரத்தி எடுக்கத்தான் போகிறேன். வெளியே நாற்காலி போட்டு வைக்கிறேன், உட்காரட்டும்.

மாமாவைப் பார்த்தால் சொல்லுங்கள், பாண்டியம்மாள் வாக்குத் தவறிவிட்டாள் என்று. வருத்தப்பட்டால் படட்டும். அவர் கேட்டது உங்களைக் காப்பாற்ற, அதற்காக என்னைக் கொடுத்தேன். இன்னொருத்தியையும் கொடுக்க முடியாது.

உங்களுக்கு ஒரு சேதி. போன வெள்ளிக்கிழமை உங்கள் மூத்த பிள்ளைக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கும் சர்க்கரை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னிடம் கெஞ்சினார். உங்கள் குரலே அவர் தொண்டையிலிருந்து வந்தது போல இருந்தது. அன்றைக்கே கீரனூருக்குப் பூங்கொடி பேருக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். என் புருஷனுக்குச் சர்க்கரை, தெரிந்தது கார்த்திகையில், நீ வரப்போவது தையில், இதை மறக்காதே, இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று எழுதினேன்.

அத்தை, இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நாளைக்கே என் புருஷனுக்கு ஏதாவது ஒன்று ஆகலாம். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழலாம். அந்த அழுகையில் எனக்கும் ஆரம்பம் மறந்துபோகலாம், நானும் உங்களைப்போல மனுஷிதானே. அப்போது பூங்கொடி அந்தத் தாளை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குத் தையில் வந்த மூத்த மருமகள்,
பாண்டியம்மாள்